குச்சிக்கு ஒரு கடிவாளம்

டெய்லரம்மாவுக்கு நிதானமான கை என்று அந்தத் தெருவே சொல்லும். ஆனால் பொம்மை ஹெலிகாப்டரின் ரிமோட்டை எடுத்துவிட்டால் அந்த நிதானம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. வலது பக்கக் குச்சியை நூலளவு தள்ளினால் போதும், ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் சாயும். அவள் கட்டைவிரலோ இருபத்திரண்டு வருஷமாகக் கனத்த கத்தரிக்கோலை அழுத்திப் பழகியது. நூலளவெல்லாம் அதற்குப் புரியாது. ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ளிவிடும். ஹெலிகாப்டர் குப்புற விழும், மேலே சுற்றும் இறக்கை இரண்டும் ஒடியும்.

நாலு ஜோடி இறக்கை இப்படிப் போய்ச் சேர்ந்தது. அந்த மாடலைச் செய்தவர்களும் கடையை மூடிவிட்டார்கள். மிச்சம் இரண்டே ஜோடி.

"இதுவும் போச்சுன்னா அலமாரி மேல வெச்சுடலாம். பார்க்க அழகா இருக்கும்" என்றார் வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர். கிண்டல் இல்லை, ஆறுதல்தான். அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"அழகு பார்க்கவா வாங்கினேன்?"

காலையில் குனிந்த தலை பொழுது சாயும்வரை நிமிராத பிழைப்பு அவளுடையது. துணி, ஊசி, மறுபடியும் துணி. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அண்ணாந்து பார்க்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைத் தூக்கி அலமாரி மேல் வைக்க அவளுக்கு மனசில்லை.

விரல் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் குச்சியைக் கேட்க வைப்பது என்று முடிவு செய்தாள். காலி ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைச் சதுரமாக நறுக்கினாள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அதைக் குச்சியில் மாட்டி ரிமோட்டோடு எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டினால், குச்சி பாதி தூரம் போனதும் ஓட்டையின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். இஞ்ச் டேப்பால் அளந்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் ஹெலிகாப்டர் ஆளுயரம் எழும்பியது. கட்டைவிரல் தன் வேலையைக் காட்டியது. குச்சி எதிலும் இடிக்காமல் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது ஜோடியும் ஒடிந்தது.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழற்றிப் பார்த்தவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாக்பீஸ் கோட்டைக் காணோம், வெட்டி எடுத்த துண்டோடு போயிருந்தது. கோட்டுக்கு வெளியே அரை விரல் அகலம் தள்ளி, வட்டம் முழுக்க ஒரே சீராக வெட்டியிருந்தாள்.

"என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"தையலுக்கு ஓரம் விட்டு வெட்டியிருக்கேங்க. பிளாஸ்டிக்குக்கு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். சமையலறையில் அவர் சிரிப்பது நன்றாகவே கேட்டது.

அடுத்த மூடியைக் கோட்டின் மேலேயே வெட்ட உட்கார்ந்தாள். கை வெளியே வெளியே போனது. கத்தரிக்கோலைத் தூர வைத்துவிட்டு, கோட்டுக்கு உள்ளேயே பிளேடால் கீறி எடுத்து, நகம் தேய்க்கும் அரத்தால் கோடு வரை கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். தைக்கக் கிடந்த சீருடைகள் இரண்டு நாள் காத்திருந்தன. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு. கடைசி ஜோடி. வீட்டுக்காரரும் கூட வந்தார். ஹெலிகாப்டர் எழும்பி நின்றது. திடீரென்று ஒரு காற்று அதை இடப்பக்கம் தள்ளியது. அவள் பதறினாள், விரல் முழு பலத்தோடு வலப்பக்கம் பாய்ந்தது. டக்கென்று விளிம்பில் இடித்து நின்றது குச்சி. ஹெலிகாப்டர் ஒருக்களித்தது, கவிழவில்லை. மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது. பேட்டரி தீரும்வரை அவள் அதைக் கீழே இறக்கவில்லை. ஆறே நிமிஷம்தான்.

"இனிமே விரல் பழகப் பழக, வாரத்துக்கு ஒரு நூல் ஓட்டையை ராவி விடணும்" என்றாள் வீடு திரும்பும்போது. "வளர்ற பிள்ளை சட்டையப் பிரிச்சு விடற மாதிரி."

பிடரியைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

"கழுத்து வலியா? இனியாவது ரொம்பக் குனிஞ்சு தைக்காத" என்றார் அவர்.

"குனிஞ்சு வந்த வலி இல்லீங்க. அண்ணாந்து வந்தது."