மயில்துத்தத்துக்குள் இருந்த தண்ணீர்

தொட்டால் கை நனையாது, தட்டினால் கல் போலச் சத்தம் போடும், சுட்டால் அழும், அது என்ன? இந்த விடுகதையைப் போட்டுத்தான் மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயன வகுப்பைத் தொடங்கினேன். விடை, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்கிற நீலக் கல். ஸ்பிரிட் விளக்கோடு மாரடித்த சக ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா! எங்களுக்கு ஒரு கெடு இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ரசாயனம் நீடிக்கும். இல்லையென்றால் அந்த நேரம் தையலுக்குப் போய்விடும்.

வெளுத்த நீலம்

சாமுண்டி மலை தூறலில் கரைந்திருந்த காலை. மயில்துத்தம் போட்ட கண்ணாடிச் சோதனைக்குழாயைச் சூடாக்கினேன். நீலம் விடியற்கால வானம் மாதிரி மெல்ல மெல்ல வெளுத்தது. குழாயின் குளிர்ந்த வாயருகே பனி படர்ந்து, துளித்துளியாய்த் திரண்டது. வெளுத்த பொடியில் ஒரு துளியை வைத்தேன். போன நீலம் திரும்பி வந்தது. இருபது பெண்களும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். மண்டி மொஹல்லாவிலிருந்து வரும் செல்லம் மட்டும் கேட்டாள்: "டீச்சர், அது தண்ணிக்கு மட்டும்தான் நீலமாகுமா, இல்லே எதுக்கு வேணும்னாலும் ஆகுமா?"

நிமிர்ந்த குழாய்

குழாயின் வாய் சற்றே கீழே சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் சேர்ந்த துளி சூடான அடிக்கு ஓடிவந்து கண்ணாடியைப் பிளந்துவிடும். இதை மூன்று முறை சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தபடி நானே நிமிர்த்திப் பிடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மிச்சம் ஒரே குழாய். பெருக்க வந்த பியூன் சித்தய்யா சொன்னார்: "தையல் டீச்சர்னா ஊசிதான் உடைப்பாங்க, அம்மாவரே. பெருக்கறது சுலபம்."

மூடாத சீசா

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சோதனை செய்தவள் செல்லம். குழாயை அழகாகச் சாய்த்தாள், துளிகளும் வந்தன. முந்தின நாள் நான் வறுத்து வைத்த வெள்ளைப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டினாள். அந்தச் சீசாவுக்குத் தக்கை போட மறந்திருந்தேன். மழைக்காற்றைக் குடித்துக் குடித்து, பொடி துளி வைக்கும் முன்பே நீலம் பாரித்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. சொல்லிவிடாதே என்று நான் கண்ணாலேயே செல்லத்திடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்: "நீலம்தானே? தண்ணீர்னு எழுதும்மா, கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு மேல்கோட்டை பஸ் இருக்கு."

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் அதே ரசாயன அலமாரியோடு காலம் தள்ளியும் எனக்குக் கைவராத ஒன்றை அன்று செல்லம் செய்தாள்: நோட்டில் 'பொடி முன்பே நீலம், சோதனை செல்லாது' என்று எழுதிவிட்டு, பொடியை வறுத்து மறுபடி வெளுக்க வைக்க விளக்கை ஏற்றினாள்.