சுருட்டை முடியும் ஒரு பொய் வேண்டுதலும்

என் முடியை முதலில் வெறுத்தது என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அல்ல, என் அம்மா. எட்டு வயதில், பள்ளிக்கூடம் போகுமுன் என்னைக் கீழே உட்காரவைத்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுப்பாள். கத்தினால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒன்று விழும். "பரட்டையாட்டம் இருந்தா எவன் கட்டுவான்?" என்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் ஒர்க்ஷாப் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். பல்லடத்தில் தறி ஓட்டும் குடும்பம் ஒன்றிலிருந்து ஜாதகம் பொருந்தி வந்தது. அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் அம்மா என்னை ஒரு பியூட்டி பார்லருக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த பெண் என் முடியைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். என்னைக் கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டாள்.

"முழுசா நேராக்கிப் போடட்டுங்களா?"

"கம்பியாட்டம் ஆக்கிப்போடுங்க."

வெள்ளைக் கிரீமை வேர்வரைக்கும் பூசினார்கள். சற்று நேரத்தில் தலை தீயாய் எரிந்தது. எரியுது என்று சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு," என்றாள் அம்மா. அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் பின்னலை உருவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தை மாதத்தில் தட்டு மாற்றினார்கள். கல்யாணம் ஆவணியில்.

அடுத்த வாரமே காதுக்குப் பின்னால் கொப்புளம் கிளம்பிப் புண்ணானது. குளித்தால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. மாதங்கள் போகப் போக வேரில் சுருட்டை முளைத்தது. கீழே தொங்கியது விளக்குமாற்றுக் குச்சி. இரண்டும் சேரும் இடத்தில் பட்டுப் பட்டென்று ஒடிந்தது. இதைப் பார்த்த பிறகும் அம்மா சொன்னாள், "கல்யாணத்துக்கு முன்னால இன்னொருக்கா போயிட்டு வந்துரலாம்."

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நானே வேறொரு பார்லருக்குப் போனேன். "சுருட்டையை மட்டும் விட்டுப்போட்டு மிச்சத்தை வெட்டிருங்க," என்றேன். இரண்டு விரற்கடை நீளம்தான் மிஞ்சியது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கழுத்தில் காற்றுப் பட்டது.

"முண்டச்சியாட்டம் வந்து நிக்கறாளே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். ஆனால் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டபோது குரலே மாறியிருந்தது. "பழனிக்கு வேண்டுதலுங்க. கல்யாணம் கூடி வந்தா முடி குடுக்கறேன்னு அம்மணி வேண்டியிருந்தா. கல்யாணப் பொண்ணுக்கு மொட்டை வேண்டாம்னு வெட்டி முடிஞ்சு வெச்சிருக்கறோம்."

சாயங்காலத்துக்குள் தெருவே என்னை மரியாதையாகப் பார்த்தது. பார்லர் குப்பைத்தொட்டிக்குப் போன முடியை முருகன் கணக்கில் எழுதிவிட்டாள். என் தலையில் புண் வந்ததைச் சொல்ல அவளுக்கு வெட்கம். சாமி பேரில் பொய் சொல்ல வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஜாக்கெட் அளவுக்காக வந்தார். என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா வேண்டுதலைச் சொன்னதும் அவர் முகம் கனிந்தது.

"இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்ணு கெடைக்குமுங்களா? சவுரி வெச்சுக்கலாம். நீங்க வெசனப்படாதீங்க."

நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன்.

"வேண்டுதலெல்லாம் இல்லீங்க. எனக்குச் சுருட்டை முடி. நீங்க பாத்தது மருந்து போட்டு நீட்டுனது. தலையெல்லாம் புண்ணாகிப்போச்சு. அதான் வெட்டிப்போட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அம்மாவிடம் திரும்பி, "ஏனுங்க, நெசமுங்களா?" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். காப்பி ஆறிப்போய்க் கிடக்க, அவர் எழுந்து போனார். ஒரு வாரத்தில் தரகர் வந்து ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்றார். தையில் பொருந்திய ஜாதகம் ஆடியில் பொருந்தவில்லை!

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நானும் பேசவில்லை. மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தில்தான் என் முடியைத் தெரிந்துகொண்டேன். கேட்பதற்கு யாருமில்லை. பத்திரிகை அழகுக் குறிப்புகள் எல்லாம் சுருட்டையை அடக்கத்தான் வழி சொல்லின. நானாகவே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். காய்ந்த முடியைச் சீவக் கூடாது. ஈரத்தில் விரலால் பிரித்துவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வரவேண்டும். துண்டால் பரபரவென்று துவட்டாமல் பழைய வேட்டித் துணியால் ஒற்ற வேண்டும். சீயக்காய் எனக்கு முடியை நாராக்கியது. விட்டுவிட்டேன். செம்பருத்தி இலையை அரைத்து அந்தக் கொழகொழப்பைத் தேய்த்தால் முடி பணிந்தது. ஒரு விடுமுறை நாளில் கண்ணாடியில் பார்த்தால், காதோரம் முழுக்க வளையம் வளையமாகச் சுருண்டிருந்தது. அழகாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம் என் தலையைப் போட்டு அப்படி இழுத்தாள்?

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா குளித்துவிட்டு வந்து நின்றாள். தலை துவட்டிய கையோடு எண்ணெய் தேய்த்து, இழுத்துக் கொண்டை போட்டுவிடுவதுதான் அவள் வழக்கம். அன்று போடவில்லை. பாதி நரைத்த முடி தோளில் சுருண்டு சுருண்டு கிடந்தது. என் முடியேதான்.

"அந்தச் செம்பருத்தித் தழை எங்க பறிச்சே?" என்றாள்.

"பக்கத்து ஊட்டு வேலியோரம்."

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அரைத்துத் தருவேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.