கலெக்டருக்கு அரை மாத்திரை

கலெக்டர் செத்துப்போனது திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாட்டாஸ்பத்திரி மேஜையின் மேல். பயப்பட வேண்டாம், நிஜக் கலெக்டர் இல்லை. நிர்மலா வீட்டுப் பூனை. விடிந்ததும் வாலை நட்டுக்கொண்டு, எட்டு லைன் வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுவிட்டுத்தான் அது பால் குடிக்க வரும். அதற்கு வேறு என்ன பேர் வைப்பது?

மூஞ்சி வீங்கி, ஈறெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் பெண் கேட்டாள். காய்ச்சலடித்தது, மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன், இரண்டு வேளை என்றாள் நிர்மலா. டாக்டர் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். மனிதர்கள் போடும் அந்த மாத்திரை பூனைக்கு விஷம் அம்மா, உயிர் போக அரையே போதும் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட நிர்மலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நிர்மலாவைத் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். கௌதள்ளி என்கிற எல்லையோரக் கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள் வேலை. ரிங் ரோட்டை ஒட்டி எழும்பிய எத்தனையோ மாடிகளுக்கு அவள் தலைமேல்தான் கலவை ஏறியது. இடுப்பில் சுருக்குப்பை, அதற்குள் எப்போதும் ஓர் அட்டை மாத்திரை. தலைவலியா, பல்வலியா, மழையில் நனைந்த காய்ச்சலா, எல்லாவற்றுக்கும் அதே மாத்திரைதான். "நம்ம டாக்டரம்மா" என்று வேலையிடத்தில் கேலி செய்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லாமல் என்ன! சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயோ சண்டை போட்டுக் காலில் கடிபட்டு, உடம்பு கொதிக்க வந்தது பூனை. ஊருக்கெல்லாம் கொடுத்த கை அதற்கும் கொடுத்தது.

புருஷன் கரியப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? மூன்று வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து ஆறு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அப்போது நிர்மலா வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். பகல் முழுக்க அவனுக்குத் துணை, எங்கிருந்தோ வந்து நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொண்ட இந்தக் குட்டிதான். மகள் ஸ்ரீதேவியைக் குண்டலுபேட்டைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோதுகூட அழாத மனுஷன், இதற்கு ஜலதோஷம் என்றால் வேலைக்கு மட்டம் போடுவான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் போட்டு "போயிருச்சுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதுதான் தப்பு. பூனையை அவனுடைய பழைய லுங்கியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினால், லைன் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது.

நடுவில் கமலம்மாள். கூடையில் கருவாடு வைத்துத் தெருத்தெருவாக விற்கிற கிழவி, மூன்றாம் வீடு. போன வாரம் கலெக்டர் அவளுடைய வஞ்சிரக் கருவாட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனபோது, "இரு, எலி மருந்து வெச்சு உன் கதையை முடிக்கிறேன்" என்று குழாயடியில் நின்று கத்தியிருந்தாள். எட்டு வீடும் கேட்டது. கரியப்பனுக்கு அது போதாதா? வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன், வீட்டுக்காரர் மஞ்சுநாத்தையும் வரவழைத்துவிட்டான்.

"பூனையக் கொன்னா தங்கத்துல பூன செஞ்சு குடுக்கோணும்பாங்க. உன்னையும் உன்ற கூடையையும் சேத்து வித்தாலும் அதோட வாலுக்குக் காணாது!" என்று கத்தினான் கரியப்பன்.

"வாய்தான் பேசினேன்பா, கை செய்யல. தெய்வமே, சாமுண்டி மேல ஆணை!"

"சின்னப் பசங்க இருக்கற ஜாகாவுல விஷம் வெக்கறியா? காலி மாடு, சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணு" என்ற மஞ்சுநாத், அவள் பாத்திரம் பண்டத்தையெல்லாம் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார். கரியப்பன் கூடையைத் தூக்கி எறிந்தான். கருவாடு வாசலெல்லாம் சிதறியது.

இப்போதாவது வாயைத் திற, மகராசி! திறக்கவில்லையே. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, லுங்கி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொன்னால் இந்த மனுஷன் இனிமேல் தன் முகத்தில் முழிக்கவே மாட்டானே என்ற பயம் விடவில்லை. பாயும் பானையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கமலம்மாள் நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிர்மலா, நீயே சொல்லு. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப மாத்திரை குடுத்து என் பக்கத்துலயே உக்காந்திருந்தியே. உன் வீட்டுப் பிராணிக்கு நான் விஷம் வெப்பேனா?"

அந்தக் கையை உதற நிர்மலாவால் முடியவில்லை.

"நாந்தானுங்க" என்றாள். யாருக்கும் புரியவில்லை. "ஏனுங்க, நாந்தான் கொன்னுபோட்டேன். ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுதுன்னு உங்களுக்குக் குடுக்கற மாத்தரையில அரை குடுத்தேன். மறுநாளு காத்தால இன்னொரு அரை. அதுதான் விஷமாப் போச்சுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. இவங்க மேல ஒண்ணுமில்லீங்க."

மஞ்சுநாத் கையிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு, சாமான்களை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கமலம்மாள் மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். "அடிப்பாவி! என் சாமான் வெளிய வர வரைக்கும் நின்னு பாத்துட்டிருந்தியே!" என்று கையை உதறினாள். நியாயமான கேள்விதான்.

கரியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமலே மூட்டையை வாங்கிக்கொண்டான். பின்சுவரை ஒட்டிய புங்கமரத்தடியில் கடப்பாரையால் குழி தோண்டினான். நாய் தோண்டிவிடக் கூடாதென்று இடுப்பளவு தோண்டினான். மண் தள்ளும் முன் கமலம்மாள் வந்து நின்றாள். சிதறியதிலிருந்து பொறுக்கிய ஒரு வஞ்சிரத் துண்டைக் குழிக்குள் போட்டாள்.

"இதுக்குத்தானே இத்தன பேச்சு வாங்கினேன். எடுத்துட்டுப் போ, திருட்டு முண்டமே" என்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வரை கரியப்பன் வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஒடிந்து சேர்ந்த இடுப்பு, தோண்டியதில் பிடித்துக்கொண்டுவிட்டது, எழ முடியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் நிர்மலாவின் கை தானாகச் சுருக்குப்பைக்குள் போனது. மாத்திரையைப் பிய்த்து, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நிலைப்படி வரை வந்தவளுக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை. எந்தக் கையால் இதை நீட்டுவது? கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடலாமா என்று நினைத்தாள்.

கரியப்பன் திரும்பாமலே பின்பக்கமாகக் கையை நீட்டினான்.

"ஏன் நிக்கற? குடு."

உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். விழுங்கிய பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.