குச்சியை விடாத என் கை

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். எழுத்துப் பிழைகளை அக்கா திருத்தித் தந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. தாம்பரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கான மையத்தில் பகலில் காகிதக் கவர் ஒட்டுவோம். சாயங்காலம் மைதானத்தில் ஓடுவோம். ஓடும்போது யாரும் என்னை ‘லூசு’ என்று கூப்பிட்டதில்லை. போட்டிக்கான ரிலே அணியிலும் சேர்த்தார்கள். நான் ஓடிப்போய், கடைசியாக ஓடும் சேகரிடம் குச்சியைக் கொடுக்க வேண்டும்.

என்னால் கொடுக்க முடியவில்லை.

பல்லாவரத்தில் எங்கள் தெருப் பையன்கள் என் கையில் எது இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். துண்டு, பால் பாக்கெட், எல்லாம். அதனால் யாராவது இழுத்தால் என் விரல்கள் தானாக இறுகிவிடும். சேகர் இழுப்பான். நான் விடமாட்டேன்.

“இன்னாண்ணா, வூட்டுக்கு எட்த்துகினு போயி சாம்பார்ல போடப் போறியா?” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே அழுவேன்.

ஒருநாள் எங்களுக்கு ஓடச் சொல்லித்தரும் டீச்சர், “அண்ணா, சனிக்கிழமை பிராக்டீஸ்லயும் இப்படின்னா, உங்க எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன்,” என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டமும் போனால் எனக்கு என்ன இருக்கிறது? முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, என் கையைத் திறந்துவிடும்.” தினமும் இதே ஜெபம். தினமும் பூரிக்கட்டையை அக்காவிடம் கொடுத்துப் பழகினேன். அவள் இழுத்தாலும் விரல்கள் இறுகின. நான் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை ஓடினேன். சேகர் குச்சியைப் பிடித்து இழுத்தான். கை திறக்கவில்லை. வாய் திறந்தது.

“இழுக்காதடா சேகர்! இழுத்தா பயமா கீது. கைய நீட்டு, நானே குடுக்கறேன்.”

அத்தனை வார்த்தைகளை ஒன்றாக நான் யாரிடமும் பேசியதில்லை. சேகர் முழித்தான்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேஜார் பண்ட்டியேண்ணா.”

உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தான். குச்சியை அதில் வைத்தேன். என் விரல்கள் விட்டன.

போட்டியிலும் அப்படியே கொடுத்தேன். சேகர் பாய்ந்தான். காலிக் கையைத் தூக்கிக் கத்தினேன். மூன்றாவதாக வந்தோம்.

கையைத் திறக்கக் கேட்டேன். கர்த்தர் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து தெருவில் யாராவது பிடுங்கினால், “குடுடா” என்கிறேன். கொடுக்காவிட்டால் மறுபடியும் கேட்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் பயத்தை அவரிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் போதும். அவர் பிடுங்குகிறவர் அல்ல. கையை நீட்டிக் காத்திருக்கிறவர்.