பொறுக்க முடியாத கரி

சித்தப்பா நிலவியல் படித்தவர். கிழக்கு மலேசியாவின் சரவாக் காட்டில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டலாமா என்று பூமியைத் துளைத்துப் பார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. சுரங்கம் அமைந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதை நம்பி அவருக்குப் பெண் பார்க்கவே தொடங்கிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தோண்டியெடுத்த மாதிரிகளைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பதற்காகப் பினாங்கு வந்தவர், ஜார்ஜ் டவுனில் எங்கள் பிளாட்டுக்கு ஒரு பையோடு வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, இவ்ளோ கனம்?" என்றாள் அம்மா.

"கரிதான் அண்ணி."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வீட்டில் சாம்பிராணிக்குக் கரி தீர்ந்திருந்தது. அம்மாவுக்குக் கரி என்றால் எல்லாம் ஒரே கரிதான். பையைப் பிரித்து இரண்டு கட்டிகளை எடுத்து கேஸ் அடுப்பில் வைத்தாள். பெட்டி பெட்டியாகத் தீக்குச்சிகளை ஒன்றாகக் கிழித்தது போல நெடியோடு புகை கிளம்பியது. சாமி படமே தெரியவில்லை. மேல்வீட்டுச் சீன ஆன்ட்டி, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போவதாகக் கத்தினாள்.

ஈரத்தலையோடு ஓடிவந்த சித்தப்பா திட்டவில்லை. புகையை முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய மேலாளர் போன் செய்தார். அவரும் தமிழர்தான்.

"இல்ல பாஸ், என்னால பொறுக்க முடியாது. அப்படித்தான்னா எனக்கு இந்த வேலையே வேணாம் லா."

அடுப்படியில் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நான் கரிய எரிச்சதுக்கு பாஸ் ஏசுறாரு. இவரால பொறுக்க முடியல. என்னாலதான் வேல போகுது" என்று அழுதாள்.

அம்மா அழுதால் எனக்குத் தாங்காது. நல்லவேளை, பைக்குள் இருந்த கட்டிகளில் மஞ்சளாக மின்னியதை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். தங்கம்! அம்மாவின் கொண்டை ஊசியால் அதையெல்லாம் நோண்டி எடுத்து, உள்ளங்கை நிறையச் சித்தப்பாவிடம் நீட்டினேன்.

"இத வித்துடுங்க சித்தப்பா. வேல போனா போகட்டும்."

கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீயே பொறுக்கிட்டியாடா?"

"ஒன்னு விடாம!" என்றேன்.

என் தலையைத் தடவிக் கொடுத்தவர், அவ்வளவையும் துகள் சிந்தாமல் பைக்குள் திரும்பப் போட்டுக் கட்டினார். என் தங்கம் போனதில் எனக்கு அவர்மேல் சரியான கோபம். திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்தில் பையைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரமே வேலை போனது. பிறகு பினாங்கிலேயே, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார்.

மின்னியது தங்கமல்ல, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல் என்று பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது மிகுந்த கரியை வாங்க ஆளிருக்காது. மஞ்சள் கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சுத்தமானதை மட்டும் பரிசோதனைக்குக் கொடு என்றுதான் மேலாளர் சொல்லியிருக்கிறார். வேலையே போனாலும் செய்ய மாட்டேன் என்று சித்தப்பா மறுத்ததை, நான் ஒரு கொண்டை ஊசியால் செய்து முடித்துவிட்டு, பாராட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்து நின்றிருக்கிறேன்.