முதலாம் ஆண்டில் ஒரு கொண்டக்டர்

முதலாம் ஆண்டு வகுப்பில் டீச்சருக்கு உதவியாளாக இருப்பது சம்பளமில்லாத வேலை. அதில் ஏறுவது லேசு, இறங்குவதுதான் கஷ்டம். பிள்ளையின் வகுப்பறைக்குள் என்றைக்காவது மாட்டுப்பட்ட வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் வீடு. கல்முனையிலிருந்து சவளக்கடை வழியாக நாவிதன்வெளிக்கு ஓடும் பஸ்ஸில் நான் கொண்டக்டர். ஒரு நாள் வேலை, அடுத்த நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளுக்குத்தான் வினை வந்தது.

கை தூக்கியது

மூத்த மகள் சுமையாவை முதலாம் ஆண்டில் சேர்த்த கிழமை, பெற்றார் கூட்டம் என்று கடிதம் வந்தது. மனைவி கைப்பிள்ளையோடு இருந்ததால் நான் போனேன். காலையிலிருந்து பஸ்ஸில் நின்றுவிட்டு நேரே போனதில் கதிரை கிடைக்கவில்லை. பின்னால் சுவரோரமாக நின்றேன். நின்றுகொண்டே நித்திரை கொள்வது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் கைவந்த கலை.

நாற்பத்தாறு பிள்ளைகளுக்கு ஹாஜரா டீச்சர் ஒராள்தான், உதவிக்கு யாராவது வருவீர்களா என்று அதிபர் கேட்டாராம். வாப்பாமார் எல்லாரும் தரையைப் பார்த்தார்களாம். எனக்கு இது எதுவும் தெரியாது. கண் மூடியதும் என் வலது கை பழக்கத்தில் மேலே போய், இல்லாத பஸ் கம்பியைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. கைதட்டல் கேட்டுக் கண் விழித்தேன். அதிபர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அல்ஹம்துலில்லாஹ்! ஒராளாவது கையத் தூக்கினாரே. பேர எழுதுங்க டீச்சர்!"

பின்னுக்கு இடம் கிடக்கு

முதல் நாள் காலையில் வகுப்பு வாசலில் நாற்பத்தாறு பிள்ளைகளும் நின்று அழுதார்கள். ஒரு பிள்ளை கதவு நிலையைக் கட்டிப்பிடித்திருந்தது. இன்னொன்று டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. டீச்சர் மெல்லிய குரலில், "வாங்க மகன், வாங்க மகள்" என்று கூப்பிட்டா. ஒருவரும் அசையவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரேயொரு குரல்தான். கதவில் ஓங்கித் தட்டி, "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க! பின்னுக்கு இடம் கிடக்கு!" என்று கத்தினேன். அழுகை அப்படியே நின்றது. நாற்பத்தாறும் ஓடிப்போய், முன்னால் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் எல்லாம் வெறுமையாகக் கிடக்க, பின்சுவரோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றுவிட்டன. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினா. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது:

"மாமா, பஸ்ஸ எப்ப எடுப்பாங்க?"

டிக்கெட்

ஒரு பிள்ளை "எனக்கு ஒண்டுக்கு" என்றால் போதும், உடனே பத்துப் பேருக்கு வந்துவிடும். பத்துப் பேரும் கிணற்றடிப் பக்கம் போனால், ஒன்பது பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டு, பழைய கலண்டர் மட்டையை வெட்டி மூன்று டிக்கெட் செய்தேன். டிக்கெட் உள்ளவர் போகலாம்; திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. டீச்சரே மெச்சினா. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

என் அடுத்த ஓய்வு நாளில், போன மூன்று பேரும் டிக்கெட்டோடு வேப்ப மரத்தடியில் விளையாட இருந்துவிட்டார்கள். உள்ளே நியாஸ் என்ற சின்னவன் வாங்கில் நெளிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் எழும்பி, கால்களை அகட்டி வைத்து, ஒழுக்கத்தோடு என் முன்னால் வந்து நின்றான்.

"நான் டிக்கெட் எடுக்க முந்தியே அது இறங்கிட்டு, மாமா."

வீட்டில் வாப்பா

வீட்டில் "வாப்பா, வாப்பா" என்று என் தோளை விட்டு இறங்காத சுமையா, வகுப்பில் என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டாள். மற்ற நாற்பத்தைந்தும் கூப்பிடுவதைப் போலவே. சிரிப்பதும் இல்லை, கிட்ட வருவதும் இல்லை. கொண்டக்டர் வாப்பா என்று பிள்ளை வெட்கப்படுகிறதோ என்று எனக்குள் ஒரு முள் குத்தியது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் இடைவேளைக்குள் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். உதட்டைக் கடித்தபடி நொண்டி நொண்டி என்னிடம் வந்தாள். "மாமா, ரெத்தம் வருது" என்றாள். காலைக் கழுவிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன். "ஏன் மகள், வாப்பா எண்டு கூப்பிட மாட்டீங்களா?" அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்:

"பள்ளிக்கூடத்தில வாப்பாவத் தேடி அழப்படாதாம், டீச்சர் சொன்னா. வாப்பா எண்டு கூப்பிட்டா எனக்கு அழுகை வந்திரும், மாமா."

கல்வி அதிகாரி

எழுத்துப் பட அட்டைகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. "நீங்களே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லிக் குடுங்க" என்று டீச்சர் பிள்ளைகளை என்னிடம் தந்தா. எனக்குத் தெரிந்த சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள்.

கல்வி அதிகாரி திடீரென்று வந்து நின்றார். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியாள் வகுப்பில் நிற்பதற்கு என்ன சொல்வாரோ என்று நான் மூலையில் ஒரு வாங்கில் குந்தி, கையைக் கட்டிக்கொண்டேன். அவர் கரும்பலகையில் 'ச' எழுதி, ஒரு சொல் கேட்டார்.

"சவளக்கடை!" என்றார்கள் எல்லாரும்.

'க' எழுதினார். "கல்முனை!" 'நா' எழுதினார். "நாவிதன்வெளி!" அதிகாரிக்குச் சந்தோசம். ஊர்ப் பெயர்களாகவே சொல்லுதுகள், நல்ல பூமிசாத்திரம் என்றார். பிறகு 'மு' எழுதினார்.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க!"

அதிகாரி வெண்கட்டியை வைத்துவிட்டு, முதலில் என்னையும் பிறகு டீச்சரையும் பார்த்தார். சிரிக்கிறாரா ஏசப்போகிறாரா என்று விளங்கவில்லை. கடைசியில் கேட்டார்:

"இந்தப் புள்ளயள் ரெண்டாம் ஆண்டு வரைக்கும் போவாங்களா டீச்சர், இல்லாட்டி நாவிதன்வெளியில இறங்கிருவாங்களா?"

வாயில் விரல்

வகுப்புப் பழக்கம் என்னையும் விடவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் நெருக்கம். கலியாண வீட்டுக்கு வெள்ளைச் சட்டையில் போன ஒருவருக்கும், கூடையோடு ஏறிய மீன்காரருக்கும் வாய்த்தர்க்கம். மீன் தண்ணி சட்டையில் பட்டுவிட்டது. பாதி பஸ் சட்டையின் பக்கம், பாதி பஸ் மீனின் பக்கம். சாரதி வேறு திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

எனக்குத் தலை வெடித்தது. டீச்சர் வகுப்பை அடக்கும் விதத்திலேயே இரண்டு தரம் கைதட்டி, "எல்லாரும் வாயில விரல வைங்க!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் வைத்தார், மீன்காரர் வைத்தார், வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வைத்தார்கள். எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் பயத்தில் பையிலிருந்த சில்லறையை எண்ணத் தொடங்கினேன். வெகுதூரம் போன பிறகு, முன் சீட்டிலிருந்த ஒரு ஹாஜியார் ஒரு விரல் வாயிலிருக்க மற்றக் கையை உயர்த்தினார்.

"தம்பி, விரல எடுக்கலாமா? நான் இறங்குற இடம் போயிட்டு."

அந்த வருச முடிவில் நாற்பத்தாறு பிள்ளைகளும் இரண்டாம் ஆண்டுக்கு ஏறிவிட்டார்கள். ஹாஜரா டீச்சர் என்னை மட்டும் முதலாம் ஆண்டிலேயே இன்னொரு வருசம் இருத்திவிட்டா.