பவுண்டும் மார்க்கும், எங்கள் நிலாவாரைக் களமும்

நாங்கள் விற்றது நிலாவாரை இலை. வயிற்றுக் கட்டுக்கு மருந்து. சாத்தான்குளம் பக்கத்து மேட்டுக் காட்டு விவசாயிகளிடம் வாங்கி, தூத்துக்குடியை ஒட்டின புதுக்கோட்டையில் எங்கள் களத்தில் பரப்பிக் காயவைத்து, தரம் பிரித்து, சாக்கில் அழுத்திக் கட்டித் தூத்துக்குடியில் கப்பலேற்றுவோம். களம் என் மச்சானும் நானும் பாதிப் பாதியாகப் போட்டு வாங்கியது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். களத்தை ஒட்டி ஓடு வேய்ந்த வீட்டில் நானும் மனைவியும் மக்களும் குடியிருந்தோம். களம் போனால் வீடும் போகும். அதனால்தான் அந்த எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடை எனக்கு இன்னும் வயிற்றில் கிடக்கிறது.

அந்தக் கோடையில் ஜெர்மனிக்காரக் கம்பெனியின் ஏஜெண்டு சென்னையிலிருந்து வந்தார். மூன்று பருவத்துக்கு ஒரே ஒப்பந்தம், விலை மாறாது என்றார். "எந்தக் காசுல விலை எழுதணும்னு நீங்களே சொல்லுங்க சார். பவுண்டா, டாலரா, ஜெர்மன் மார்க்கா? எழுதினா எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு ஊரில் தங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்குள் பதில் வேண்டும்.

மச்சானுக்கு யோசனையே இல்லை. "பவுண்டுதான். பேங்க் பலகையப் பாத்தியா மாப்ள? பவுண்டுக்கு எதிர்ல எழுதுன நம்பர் வருஷக்கணக்கா அப்படியே கெடக்கு. மார்க்கப் பாரு, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. குரங்கு மாதிரி தாவுது. குரங்க நம்பி மூணு வருஷம் ஏவாரம் பண்ணுவியா?"

அவர் சொன்னது கண்ணால் கண்ட உண்மை. ஊரில் ஏற்றுமதி செய்கிற பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். பவுண்டு பாறை, மற்றதெல்லாம் அலை. நானும் பல வருஷம் அதையே நம்பினேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் இங்கிலீஷ் பேப்பரில் எண்களை வாசிக்கப் படிப்பு எதற்கு? பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் பொட்டலம் மடிக்க வாங்கி வைத்திருந்த பழைய பேப்பர்களைக் கேட்டேன்.

"என்னவே, வீட்டுக்குள்ளயே கடை போடப் போறீரா?" என்றார்.

"வியாபாரப் பக்கம் மட்டும் போதும் அண்ணாச்சி. பாத்துட்டுத் தந்துருதேன்."

"கிழிக்காமத் தாரும். ஒவ்வொண்ணுலயும் கால் கிலோ கடுகு மடிக்கணும்."

புளி வாசம் அடிக்கிற அந்தத் தாள்களிலிருந்து, சரக்கு அடுக்குகிற கிட்டங்கியின் மரக்கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுத ஆரம்பித்தேன். எந்தக் காசையும் ரூபாயோடு வைத்துப் பார்க்கவில்லை. காசுக்குக் காசு மோதவிட்டேன். பவுண்டும் டாலரும் மோதினால் மாசக் கடைசியில் யார் மேலே? டாலரும் மார்க்கும் மோதினால்? மார்க்கும் பவுண்டும்? சடுகுடுவில் ஒவ்வொரு ஆளையும் மற்ற எல்லாரோடும் இறக்கிப் பார்ப்பது மாதிரி. ஒரு நாள் ஆட்டத்தை விட்டுவிட்டு மாசத்துக்கு மாசம் பார்த்தேன்.

கதவு நிறைந்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். மார்க்கு கிட்டத்தட்ட எல்லாரையும் சாய்த்திருந்தது. பவுண்டு இறங்கிக்கொண்டே போயிருந்தது. அப்படியானால் பேங்க் பலகையில் அது ஏன் அசையாமல் நிற்கிறது?

இதைப் பேங்க்கில் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி தயவாகச் சொன்னார்: "நம்ம ரூபாயைப் பவுண்டோடதான் கட்டி வச்சிருக்கு அண்ணாச்சி. அது எறங்குனா இதுவும் கூடவே எறங்கும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுதான் மனசில் ஓடியது. கடலில் இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டு, ஒன்றில் உட்கார்ந்து மற்றதைப் பார்த்தால் அது அசையாமல்தான் நிற்கும். இரண்டும் சேர்ந்து நீரோட்டத்தில் போய்க்கொண்டிருப்பது கரையைப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் யாரும் கரையைப் பார்க்கவில்லை.

மச்சானைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"வள்ளம், நீரோட்டம் எல்லாம் சரி மாப்ள. நம்ம சோறு ரூபாய்ல. கூலி ரூபாய்ல. அந்த ரூபாய் பவுண்டோட போனா போயிட்டுப் போகுது. ஒரு பவுண்டுக்கு இத்தன ரூவான்னு நிச்சயமா வருமில்லா?"

"ரூபா நிச்சயமா வரும் மச்சான். அந்த ரூபாய்க்கு மூணு வருஷம் கழிச்சு என்ன கிடைக்கும்? சாக்கு விலை ஏறுது, அரிசி விலை ஏறுது, கூலி ஏறுது. நம்ம இலை விலை மட்டும் நின்ன இடத்துலயே நின்னா?"

"மார்க்கு விழுந்தா? களத்த அந்த உப்பளக்காரன் எப்பலேர்ந்தோ விலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கான். ஒரு பருவம் நட்டமாச்சுன்னா எம் பாதிய நான் வித்துருவேன். எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லணும். தங்கச்சி வீடுன்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அதனால்தான் எனக்கு அது அதிகமாக வலித்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பூக்கட்டிப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் கல்யாணம், நிலம், வழக்கு எதுவானாலும் தீராத சந்தேகத்தை அம்மன் முன்னால் வைப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துப் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வந்தது உத்தரவு. நான் செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலுக்குப் போகாமல் இருந்தவனில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வெள்ளை என்றால் பவுண்டு, சிவப்பு என்றால் மார்க்கு. பூசாரி கண்ணை மூடி, குனிந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து மச்சான் கையில் வைத்தார். மச்சான் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை.

மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் திருநீற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்: "மச்சான், உங்க பாதியைப் பவுண்டுல எழுதுங்க. எம் பாதி மார்க்குல."

அவர் நடையை நிறுத்தினார். "அம்மன்கிட்டயே பேரம் பேசுதியா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"பெறகு என்ன? கேக்காமலே இருந்திருக்கலாமில்லா? கேட்டுப்புட்டு மீறுதவன எங்கனயாவது பாத்திருக்கியா?"

கதவில் கண்டதைக் காணாத மாதிரி என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அண்ணன் பக்கம்தான் நிற்பாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"கதவுல எழுதுனது சரியான கணக்கா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரி."

"அப்போ பயந்துக்கிட்டு மீறாதீங்க. கும்பிட்டுக்கிட்டே மீறுங்க. அவ தாயி. அடிக்கணும்னா அடிப்பா, பெறகு சோறும் போடுவா."

சாயங்காலம் ஏஜெண்டு சிரித்தார். "ரெண்டு ஒப்பந்தமா? எனக்கென்ன சார், இன்னொரு தடவை டைப் அடிக்கணும்." கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ரயிலேறினார். மச்சான் எனக்காக நிற்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

முதல் சரக்கு போய்ப் பணம் வந்தபோது மார்க்கு நன்றாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வருஷம் பிறந்த கையோடு கதை மாறியது. எண்ணெய் விலை ஏறி உலகமே கலங்கியிருந்த நேரம். பேப்பரில் மார்க்கு டாலருக்கு எதிரே மளமளவென்று இறங்கியது. மச்சான் களத்துக்கு வந்து, இலை தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கேட்கும்படி சொன்னார்: "ஏளா, பாத்து மெதுவாத் தள்ளுங்க. இது சாதா இலை இல்ல, மார்க்கு இலை. தாவிரும்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஏஜெண்டுக்கு எழுதி, மீதிப் பருவத்தைப் பவுண்டுக்கு மாற்றித் தரக் கேட்கலாமா என்று கடிதத்தாளை எடுத்து வைத்துவிட்டேன். முதல் பருவத்திலேயே அம்மன் அடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

எழுதுவதற்கு முன்னால் மறுபடி கதவுக்குப் போனேன். மார்க்கு டாலரிடம் தோற்றிருந்தது, வாஸ்தவம். ஆனால் பவுண்டும் டாலரிடம் தோற்றிருந்தது. அந்த மாசம் டாலர் எல்லாரையும் சாய்த்திருக்கிறது. என் ஒப்பந்தத்துக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்? நான் விற்பது மார்க்கில், வாங்கித் தின்பது பவுண்டோடு கட்டின ரூபாயில். நான் பார்க்கவேண்டிய ஜோடி மார்க்கும் பவுண்டும் மட்டும்தான். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மார்க்கு பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. கடிதத்தாளை எழுதாமலே உள்ளே வைத்தேன். கணக்கு சரி என்று தெரிவது வேறு, தூக்கம் வருவது வேறு.

அதற்குப் பிறகு மார்க்கு ஏறியது. நான் எதிர்பார்த்ததைவிடவும் ஏறியது. ஆனால் எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. மச்சான் பாதிக்கு வந்த பணம், ரூபாயில், முதல் பருவத்தில் வந்ததேதான். சாக்கும் கூலியும் லாரி வாடகையும் அதற்குள் எங்கேயோ ஏறிப் போய்விட்டன. மூன்றாம் பருவத்தில் அவர் பாதிக்கு இலை வாங்கவே கையைக் கடித்தது. அவர் முகம் ஒடுங்கிவிட்டது. என்னிடம் கேட்க மாட்டார். நானாகப் போய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டார். எனவே நான் விவசாயிகளிடம் களத்துக்கு மொத்தமாக இலை பேசி என் பணத்தையே கொடுத்தேன், பாதி என்று பிரிக்காமல்.

அம்மன் ஏன் வெள்ளையைக் கொடுத்தாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பருவத்தின் முடிவில் ஒரு நாள் உப்பளக்காரர் நேரே களத்துக்கு வந்துவிட்டார். மச்சான்தான் வரச் சொல்லியிருக்கிறார் என்று நான் நினைத்தேன். மனைவி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் யோசிக்கிறீங்களா?" என்றார் வந்தவர் மச்சானிடம். "ரொக்கமா முடிச்சிருவோம்."

மச்சான் காய்ந்துகொண்டிருந்த இலையைக் காலால் தள்ளிப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"விக்கிறதா இல்ல அண்ணாச்சி."

"போன மாசம் வேற சொன்னீங்க?"

"போன மாசம் எம் பாதியப் பத்திச் சொன்னேன். களத்துல எது எம் பாதின்னு இப்ப எனக்கே தெரியல. அந்த மாப்ள எல்லாத்தையும் ஒண்ணாப் பரப்பிட்டான்."

வந்தவர் போன பிறகு மச்சான் என் பக்கம் வந்து, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங் காசுலதான் நிக்கேன்னு ஊர்ல சொல்லித் திரியாத."

"நான் எதுக்கு மச்சான் சொல்லப் போறேன்?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

"ரெண்டு பேரு களம்னு சொல்லுவேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கோணலாகக் கட்டியிருந்த ஒரு சாக்கு மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்ட உட்கார்ந்தார். மறுமுனையை நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.